அரிசோனாவுக்குப் புறப்பட்ட கீச்சுச் சீஸ்

விஸ்கான்சின்,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

மரியாதைக்குரிய லைல் மச்சான் அவர்களுக்கு,

டுவேன் ஹாவ்லிக் எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். அங்கே நீங்களும் பெவ் அக்காவும் உங்கள் நீச்சல் குளமும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கை கோனி தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்லவில்லை. காரணம், நான் இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பது எல்லோருக்கும் நல்லது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் மூவர். அதனால்தான் கடையின் பின்னறையில், கழுவிக் கவிழ்த்த பால் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து வழுக்கினால் ஈரம் என்று கொள்ளவும்.

இந்தக் கடிதத்தை ஒட்டி உங்களுக்கு ஒரு பெட்டி வரும். இதை முழுவதும் படித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியை அழுத்தவோ, தட்டவோ, அதன்மேல் உட்காரவோ வேண்டாம். உட்காருவதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

போன நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்தது நினைவிருக்கும். வான்கோழியை அறுத்துக்கொண்டே நீங்கள் ஜோஸியைப் பார்த்து, "ஏம்மா, டப்பா மடிக்கிறதுக்கா நாலு வருஷப் படிப்பு? நான் அரை நிமிஷத்துல மடிச்சுக் காட்டவா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தோம். அத்தோடு விட்டீர்களா? "உங்கப்பன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எனக்கு அனுப்புற சீஸ் இருக்கே, அது சீஸ் இல்லம்மா, செருப்பு ரப்பர். ஒரு கீச்சு கிடையாது. பொட்டலம் கட்டற படிப்புப் படிக்கிறவ மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணு!" என்றீர்கள். அப்போதும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த பீன்ஸை ஒவ்வொன்றாக முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பீன்ஸ் குத்துதான் மச்சான், இன்றைக்கு உங்கள் வாசலுக்கு வந்து நிற்கப் போகிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. காலையில் தொட்டியிலிருந்து எடுத்த பச்சைச் சீஸ் துண்டு பல்லில் பட்டால் கீச்சென்று கத்தும். மறுநாள் குரல் கம்மும். அதற்கு மறுநாள் ஊமை. நாம் கீச்சுச் சீஸ் என்று அழைப்பதே அந்த ஒரு நாள் குரலுக்காகத்தான். என் கடை வாசல் பலகையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்: 'இன்று காலை செய்தது. நாளை வந்தால், நாளைக் காலை செய்தது.' இது என் தொழில் தர்மம் என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜோஸி வந்தாள். கூடவே வாசாவ் ஊர்ப் பக்கத்து மாய் யாங் என்ற வகுப்புத் தோழியையும் அழைத்து வந்தாள். அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். பேசினால், பேச்சு வாங்கியவர் எழுந்து உட்கார நேரமாகும்.

"அப்பா, வழியில கெட்டுப்போற பொருள் ஏதாவது ஒண்ணை எடுத்து, கெடாம போய்ச் சேர வைக்கணும். அதான் கடைசி வருஷத்துக்கு எங்க வேலை. நாங்க நம்ம சீஸை எடுத்துக்கிட்டோம்" என்றாள் ஜோஸி.

"கெடாமத்தானே போகுது? நான் அனுப்பின சீஸ் தின்னு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"கத்தாம போகுதேப்பா!"

"கத்தறது கடைக்கு நேர்ல வந்து நிக்கிறவனுக்குக் கடவுள் குடுக்கிறது. டப்பாவுல அடைச்சு அனுப்பற சமாச்சாரமில்ல."

அதுவரை பேசாதிருந்த மாய், "சரிதான் அங்கிள். பாலையும் மாட்டுகிட்டயே போய்க் குடிச்சுட்டா உங்க தொட்டிகூட வேண்டாம்" என்றாள். உங்கள் தங்கை அடுப்பங்கரையில் சிரித்தது எனக்குக் கேட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கடைச் சீஸில் ஒரு துண்டுகூட இந்த விளையாட்டுக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் இருவரும் மாடிக்குப் போனார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன். மூன்றாம் நாள் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன் மச்சான். உள்ளே, என் வீட்டில், என் குளிர்பெட்டியில், என் வெண்ணெய்க்குப் பக்கத்தில், ஸ்வோபோடாவின் சிவப்புக் கன்றுக்குட்டிப் படம் போட்ட சீஸ் பை! ஆம், அதே ஸ்வோபோடா. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்துக்கொண்டு, கண்காட்சியில் என் சீஸைக் கடித்துப் பார்த்து, "பரவாயில்ல, உப்பு போடத் தெரிஞ்சிருக்கு" என்று சொன்ன அதே ஆள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு பூனைகளும் சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"ஏங்க, சும்மா கத்தாதீங்க" என்றாள் கோனி. "நீங்க குடுக்கல. அவர் குடுத்தாரு. அதுவும் சும்மாவே குடுத்தாரு. 'உங்கப்பாவை நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லும்மா'ன்னு வேற சொல்லி அனுப்பியிருக்காரு."

சும்மா கொடுத்ததைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த விசாரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை ஒரு வாளி நிறையப் புதுச் சீஸைச் சமையல் மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டேன்.

பெட்டியின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். வாய் மூடிய சீஸை இளஞ்சூடாகக் காட்டினால் கொஞ்ச நேரத்துக்கு மறுபடி கத்தும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஆளுக்கொரு அடுப்பைக் கூடவே அனுப்ப முடியுமா? இந்தப் பெண்கள் பெட்டிக்கு அடியில் மெல்லியதாக ஒரு பை வைத்தார்கள். பைக்குள் ஒரு பக்கம் சுண்ணாம்பு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவே ஒரு தடுப்பு. மேலே கையை வைத்து அழுத்தினால் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கும், கலந்தால் சூடாகும், சூடானால் சீஸ் விழித்துக்கொள்ளும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்போது ஜனவரி, வெளியே மூக்கு உறையும் குளிர். தீவனக் கடைக்குப் போகலாம் என்று வண்டியில் ஏறினேன். எனக்குத் தெரியாமல் ஜோஸி முதல் பெட்டியை ஓட்டுநர் இருக்கையில் வைத்திருந்தாள். குளிரில் வைத்துப் பார்க்கிறார்களாம். நான் தடித்த கோட்டோடு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். மச்சான், என் வண்டியின் இருக்கைச் சூடு ரிப்பேராகி ரொம்ப நாளாயிற்று. பாதி வழியில் அடியிலிருந்து இதமாக ஒரு சூடு ஏறியது. அட, தானாகவே சரியாகிவிட்டதே என்று சந்தோஷத்தில் பாட்டுக்கூடப் பாடினேன். தீவனக் கடையில் இறங்கி உள்ளே போனபோது, எந்த மனிதனையும் மதிக்காத அந்தக் கடைக்காரரின் நாய் என்னை அவ்வளவு பாசமாகப் பின்தொடர்ந்தது. கடைக்காரர், "டுவேன், தப்பா நினைக்காதே, உன் பின்பக்கம் என்னவோ தொங்குது" என்றார். தொட்டுப் பார்த்தேன். முழங்கால்வரை உருகிய சீஸ். அதைச் சுரண்டி எடுக்கும் வேலையில் நாய்தான் எனக்கு அதிகம் உதவியது.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தின்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. தாங்க்ஸ்பா" என்றாள் என் மகள். மாய், "உட்காந்தா எவ்வளவு பாரம் விழும்னும் தெரியணும். அங்கிள், உங்க எடை எவ்வளவு?" என்றாள். நான் கால்சட்டை மாற்றப் போனேன்.

சுண்ணாம்பைக் குறைத்தார்கள், தண்ணீரை மாற்றினார்கள். தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக் கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் ஊரே கூடுமல்லவா, அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று ஃபாதரிடம் அனுமதி வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை அடைத்த சீஸ், ஒரு மேசை நிறையப் பெட்டிகள். இங்கே நான் சொல்லப் போவதை நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. பெட்டிகளைப் பரப்பி வைக்கச் சொல்லியிருந்தார்கள். உங்கள் தங்கைதான், "இப்படிப் பரப்பிப் போட்டா பழைய துணி விக்கிற மாதிரி இருக்கு, கண்ணுக்கு லட்சணமா இருக்க வேண்டாமா?" என்று அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினாள். கோபுரம் அழகாகத்தான் இருந்தது. பாரம் தாங்காமல் அடிப்பெட்டி விழித்துக்கொண்டது. அது சூடாகி உப்பிப் பக்கத்துப் பெட்டியை நெருக்க, அது தன் பக்கத்தைத் தள்ள, நான் உருளைக்கிழங்கை வாயில் வைப்பதற்குள் கோபுரம் முழுவதும் ரயில் எஞ்சின் மாதிரி ஆவி விட ஆரம்பித்துவிட்டது. மேலே புகை மணி அலறியது. ஃபாதர், "தட்டைக் கீழ வைச்சுட்டு எல்லாரும் வெளிய வாங்க!" என்றார். எல்லோரும் வெளியே போனோம். தட்டை மட்டும் யாரும் கீழே வைக்கவில்லை. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. அவர்களும் தட்டும் கையுமாக எங்களோடு பனியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜோஸி படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாய் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி உள்ளே போய், பெட்டிகளை இரண்டு கூடைகளில் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவரிடமும் போய், "சூடா இருக்கு, எடுத்துக்குங்க. பனியில நிக்கிறீங்க பாவம்" என்று நீட்டினாள். பனி பெய்துகொண்டிருந்தது. முதலில் ஒரு மூலையில் கீச் என்றது. பிறகு இன்னொரு மூலையில். அப்புறம் வண்டிகளுக்கு நடுவே, கோயில் சுவரோரம், என் முதுகுக்குப் பின்னால் என்று ஊர் முழுவதன் தாடையும் கீச் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. காது மந்தமான கிழவர் ஹெர்ப்கூட, "யாருடா எலியை மிதிச்சது?" என்று கேட்டார். நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். செவ்வாய்க்கிழமைச் சீஸ், மச்சான். வெள்ளிக்கிழமை அது பேசியது. சிறுவயதிலிருந்து சீஸ் செய்கிறேன், அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. படிக்கட்டைப் பார்த்தேன். ஜோஸி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை உங்களுக்கு எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் சீஸ், என் கொட்டகை, என் வண்டி எல்லாம் அவர்களுடையது. அடுக்கினால் தானாகச் சூடாகாதபடி ஒரு நீல வளையம் போட்டார்கள். வளையத்தைத் திருப்பிவிட்டு அழுத்தினால்தான் வேலை செய்யும். அதை எடுத்துக்கொண்டு மில்வாக்கியில் நடந்த மாணவர் போட்டிக்குப் போனோம். பெரிய மண்டபம், பல கல்லூரிப் பிள்ளைகள், ஆளுக்கொரு மேசை. கடைசிச் சொட்டுவரை பற்பசை வெளியே வரும் குழாய் ஒன்று. ஒரே கையால் திறக்கிற மருந்துக் குப்பி ஒன்று, அதைச் செய்த பையனின் அம்மாவுக்கு ஒரு கைதானாம். எனக்கே பெருமையாகப் போய்விட்டது, வேறு யாரோ பெற்ற பிள்ளை என்றாலும். அடுத்த மேசையில், உறையோடு கொதிநீரில் போட்டு உறையோடே சாப்பிடக்கூடிய நூடுல்ஸ். 'உறையையும் உண்ணலாம்' என்று எழுதியிருந்தது. எனக்குப் பசி. கைக்கு எட்டிய பளபள உறை ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றேன். அது அதற்கு அடுத்த மேசைப் பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரில் உறையோடு கரைகிற பாத்திரம் கழுவும் சோப்பு. துப்பவும் இடமில்லை, விழுங்கவும் வழியில்லை. நுரை பொங்கிக்கொண்டு வந்தது. சரியாக அந்த நேரத்தில் தலைமை நடுவர் எங்கள் மேசைக்கு வந்தார். பிஸ்கட் கம்பெனியில் பெட்டி வடிவமைப்புத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், சாம்பல் நிறக் கோட்டு. என்னைப் பார்த்துவிட்டு, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்ல மேடம், எங்க அங்கிள்தான். ரொம்பச் சுத்தமானவர்" என்றாள் மாய்.

ஜோஸி வளையத்தைத் திருப்பினாள், அழுத்தினாள், காத்திருந்தாள், நீட்டினாள். அந்த அம்மாள் கடித்தார். கீச்! இன்னொன்று கடித்தார். மூன்றாவதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் நுரைக்கு நடுவிலும் கவனித்தேன். மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். பற்பசைக்கு முதல், மருந்துக் குப்பிக்கு இரண்டாவது. வருத்தமில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது அந்த அம்மாள் ஜோஸியின் தோளைத் தொட்டு, "இந்த ஹாலுக்குள்ள கத்துது, சரி. பாலைவனத்துல போய் இறங்கினப்புறமும் கத்துமாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் என் மகள் ஒரு காலிப் பெட்டியின் நீல வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம், நான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது இந்தப் பின்னறைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, ஓஹாயோவுல வேலை கிடைச்சிருக்கு. சோப்புத்தூள் டப்பா வடிவமைக்கிற வேலை."

சோப்பு என்றதும் என்னையறியாமல் வாயைத் துடைத்துக்கொண்டேன். "நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"டப்பா பிடிச்சிருக்கு. சோப்புத்தூள் கத்தாதேப்பா." ஒரு துணியை எடுத்துத் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். "ஒரே ஒரு பெட்டி மிச்சமிருக்கு. அதை அரிசோனா பாலைவனத்துக்கு, லைல் மாமாவுக்கு அனுப்பப் போறேன். மாமா கடிச்சுப் பாத்துட்டுக் கத்துதுன்னு சொன்னா நான் எங்கயும் போகல. நானும் மாயும் நம்ம கொட்டகையிலயே தொழிலை ஆரம்பிச்சிடறோம். கத்தலைன்னா திங்கக்கிழமை ஓஹாயோவுக்குச் சரின்னு எழுதிடுவேன்."

"அதுக்கு ஏம்மா மாமா? பூமியில வேற ஆளே இல்லையா?"

"மாமா மனசுல பட்டதைத்தான் சொல்வாரு. பொய் சொல்லத் தெரியாது அவருக்கு."

இதுதான் மச்சான் என் நிலைமை. பெட்டியைத் திங்கட்கிழமை காலையிலேயே கட்டி என் கையில் கொடுத்து, "இன்னிக்கே தபால்ல சேத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். இன்று வியாழன். பெட்டி என் வண்டியில், என் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பால் எடுக்க வந்தது, தீவனக் கடைக்கு வந்தது, முழங்கால் டாக்டரிடமும் வந்தது. தினமும் தபால் நிலைய வாசல்வரை போகிறேன், திரும்பிவிடுகிறேன். அது இங்கே இருக்கிறவரை ஓஹாயோ ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஆனால் இன்று அனுப்பித்தான் ஆக வேண்டும். விரைவுத் தபாலில் போட்டால் சனிக்கிழமை வந்துவிடும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோஸி உங்களுக்குப் போன் செய்வாள்.

பெட்டியைத் திறக்கும் முறை: சமதளத்தில் வைக்கவும். நீல வளையத்தை இடது பக்கம் திருப்பவும். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடவும். அவசரப்படாமல் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லவும். உங்கள் வேகத்தில் அல்ல, பெவ் அக்காவின் வேகத்தில். பிறகு மூடியை உரித்து, ஒரு துண்டை எடுத்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிக்கவும்.

கத்தினால், கத்தியது என்று சொல்லுங்கள். கத்தாவிட்டாலும், கத்தியது என்று சொல்லுங்கள்.

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அறிந்தே உங்களிடம் பொய் கேட்கிறேன். கொட்டகையில் இரண்டு பெண்களும் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அட்டை வெட்டும் சத்தம் இந்தச் சில மாதங்களில் எனக்குப் பழகிவிட்டது. கோனிக்கும்தான், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் ஆரம்பித்து வைத்தது இது. வான்கோழியை அறுத்தோமா சாப்பிட்டோமா என்று இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு ஏதாவது பிஸ்கட் டப்பா செய்துவிட்டுப் போயிருப்பாள். ஆகவே ஒரே ஒரு வார்த்தை, மச்சான். 'கத்துச்சு.' அவ்வளவுதான். குரலில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தால் நல்லது. ரொம்ப வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள்.

உங்கள் ஊரில் வெயில் கொஞ்சம் இரக்கம் காட்டவும், எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் பனி மரியாதையாக உருகிப் போகவும், பெவ் அக்காவின் இடுப்புவலி முழுவதும் நீங்கவும், நீங்கள் நீடூழி நலமாக இருந்து எங்கள் வீட்டு விருந்துகளில் இதைவிடக் குறைவாகப் பேசவும் எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பாராக.

என்றும் உங்கள் தங்கைக்குக் கட்டுப்பட்ட,
டுவேன் ஹாவ்லிக்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பெட்டி வராது.

இதைத் தபால் நிலைய வாசலில், வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியைத் தபால்கார அம்மா ஆர்லீனின் மேசையில் வைத்தேன். எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவள் என்னிடமும் கேட்டாள். "உள்ள உடையற பொருள், தண்ணி, கெட்டுப்போறது, ஆபத்தானது ஏதாவது இருக்கா?" "சீஸ்" என்றேன். "உங்க சீஸ்தானே, தெரியும். வேற ஒண்ணுமில்லையே?" ஒன்றுமில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆறு பக்கத்துக்கு உங்களைப் பொய் சொல்லச் சொல்லி எழுதிய மனுஷன் நான். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை மச்சான். "கொஞ்சம் சூடாகும்" என்றேன். "எது சூடாகும்?" "பெட்டி. அழுத்தினா." ஆர்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "டுவேன், இதை நான் விமானத்துல ஏத்திவிட்டா ராத்திரி டிவியில நாம ரெண்டு பேரும் வருவோம். எடுத்துக்கிட்டுப் போங்க."

வண்டிக்குத் திரும்பி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமையிலிருந்து என் வண்டி ஹீட்டர் காற்றில் வாடு வாடென்று வாடிய சீஸ். உங்கள் பாலைவனம் இதைவிட மோசமாக என்ன செய்துவிடும்? நீல வளையத்தைத் திருப்பினேன். அழுத்தினேன். பெவ் அக்காவின் வேகத்தில் ஜெபம் சொன்னேன். கடித்தேன்.

கத்தியது, மச்சான்! வண்டிக்குள் எதிரொலித்தது. ஒன்று கத்தியது தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொன்றைக் கடித்தேன். அதுவும் கத்தியது. மூலையில் இருப்பது எப்படியோ என்று அதையும் பார்த்தேன். ஆர்லீன் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டி, "என்ன சத்தம் அது, வெளிய வரைக்கும் கேக்குது?" என்றாள். ஒன்றைக் கொடுத்தேன். அவள் கண் விரிந்தது. "இதையா நான் திருப்பிக் குடுத்தேன்?" என்று இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு பார்த்தால் பெட்டி காலி. அது ஒருமுறைதான் சூடாகும். வேறு பெட்டி இல்லை.

நான் போய் ஜோஸியிடம் சொல்லலாம். "நான் இங்கயே இருக்கணும்னு சொல்றீங்கப்பா" என்பாள், நம்பமாட்டாள். ஆகவே கடிதத்தை மட்டும் விரைவுத் தபாலில் சேர்க்கிறேன். இது சூடாகாது என்று ஆர்லீனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜோஸி போன் செய்யும்போது தயங்காமல், நெஞ்சை நிமிர்த்தி, கத்துச்சு என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. பல் மட்டும்தான் என்னுடையது.